தாலியம்மாவின் கழுத்து

தொடக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கற இடத்துலதான் எனக்குக் கை போகுது. இந்தத் தாழியோட விளிம்புல ஒரு வெரலை வெச்சுப் பாக்கணும்னு இருக்குது, வெச்சா என்ன ஆயிரும், எத்தனை காலமா மண்ணுக்குள்ள கெடந்தது, எத்தனை மாடும் வண்டியும் மேல போயிருக்கும், அதுக்கெல்லாம் ஒடையாதது என் வெரல் பட்டா ஒடைஞ்சிருமாக்கும். செத்தவங்களைக் காலை மடக்கி உக்கார வெச்சு இதுக்குள்ள எறக்கிப் பொதைப்பாங்கன்னு பக்கத்துல எழுதியிருக்குது. நான் இதுக்குள்ள அடங்குவேனா. அடங்குவேன். முழங்காலைக் கட்டிக்கிட்டுக் கழுத்தைக் கொஞ்சம் குனிஞ்சா தாராளமா அடங்குவேன். அட, புத்தி போற போக்கைப் பாரு, சாமி கேக்க வந்தவ தாழிக்கு அளவு பாத்துக்கிட்டு நிக்கறேன். வாசல்ல டிக்கெட் மேசைக்குப் பக்கத்துல போட்டிருக்கற பிளாஸ்டிக் சேர்ல அவரு உக்காந்திருக்காரு, எங்க ஊட்டுக்காரரு, நாச்சிமுத்து. கையில தண்ணி பாட்டல். குடிக்க மாட்டாரு, சும்மா புடிச்சிருப்பாரு. ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு டாக்டர் அளந்து விட்டதுக்கப்புறம் அந்த பாட்டலைக் கைக்கொழந்தையாட்டம் தூக்கிட்டு அலையறாரு. ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாளைக்குக் கோயமுத்தூர் போயி ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வர்றோம். என்னுதுல ஒண்ணை எடுத்து அவருக்கு வெக்கறதாப் பேச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரியில கமிட்டின்னு நாலஞ்சு பேரு உக்காந்து என்னைக் கேப்பாங்களாம், ஆமாங்கன்னு சொல்லிட்டா தேதி குறிச்சிருவாங்க. அதுக்கு முந்தி தாலியம்மாகிட்டப் பூ வெச்சுக் கேட்டுட்டு வந்திருன்னு எங்க நங்கையா அனுப்பி விட்டிருக்காங்க. தாலியம்மா இப்ப இந்த மியூசியத்துலதான் இருக்கறா. அதுக்காகத்தான் நிக்கறேன், இல்லீன்னா இந்த ஓட்டாஞ்சில்லையெல்லாம் பாக்கறதுக்கு எனக்கு என்ன வந்துச்சு.

எடுத்துக்கறோம்னுதான் அந்த டாக்டர் சொன்னாரு. ஸ்கேன் படத்தை வெளக்கு மேல மாட்டி, இந்தம்மாவோட இடது பக்கம் நல்லா இருக்குது, இதை எடுத்துக்கறோம்னாரு. சந்தையில கத்திரிக்காய் பொறுக்கறவங்க சொல்ற மாதிரி. நான் பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தேன். அவரு சொன்னதும் நங்கையாகிட்ட, நங்கையா தலையாட்டுனது அவருகிட்ட. நங்கையான்னா எங்க ஊட்டுக்காரருக்கு மூத்த அக்கா, ராமாத்தாள், மாமியாரு போனதுலருந்து எங்க ஊட்டுல அவங்க வெச்சதுதான் சட்டம். கெட்டவங்கன்னு வாய் கூசாமச் சொல்ல முடியாது, தம்பின்னா உசுரு. அவங்களே குடுக்கறேன்னுதான் முதல்ல நின்னாங்க, வயசாயிருச்சு வேண்டாம்னுட்டாங்க. கொழுந்தனாருக்குச் சக்கரை. எம்பொண்ணு சிந்துஜா முழுகாம இருக்கறா. சுத்திச் சுத்திப் பாத்து எல்லாரு கண்ணும் எம்மேல வந்து நின்னுச்சு. ரத்தம் சேருதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு நங்கையா அடுப்படிக்கு வந்து எந்நெத்தியில குங்குமத்தை வெச்சு வாயில சக்கரையப் போட்டாங்க. மகராசின்னாங்க. சக்கரை வாயில கரையறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஊருக்குள்ள பாக்கறவங்கெல்லாம் கையெடுத்துக் கும்பிடறாங்க. குடுக்கறயான்னு ஒரு சனம் கேக்கல. நாளைக்குக் கமிட்டியில கேப்பாங்க, அதுக்கும் நங்கையா பாடஞ் சொல்லிக் குடுத்தாச்சு. சொந்த விருப்பத்துலதான் குடுக்கறீங்களா, யாராச்சும் வற்புறுத்துனாங்களான்னு கேப்பாங்க சுலோச்சனா, சொந்த விருப்பந்தானுங்கன்னு சொல்லிரு, அழுதுகிழுது வெச்சிறாத. சொந்த விருப்பம். பஸ்ஸுல வரும்போது அதைச் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டே வந்தேன், சொல்லச் சொல்ல வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. இந்த மனுசனாச்சும் வாயத் தொறந்தாரா. குடுன்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. அக்கா பேசும்போது மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்திருப்பாரு. எனக்கு அவரு சீக்கு மேலகூட அவ்வளவு கோவம் இல்லை, அந்த மோட்டுவளை மேலதான் கோவம்.

அடுத்த ரூம்புல கண்ணாடிப் பொட்டிக்குள்ள பாசிமணி, சங்கு வளையல் ஒடைஞ்சது, தேஞ்சு போன காசு. செவுத்தோரம் மாடு கட்டிக் கெணத்துல கவலை எறைக்கற தோல் சால் ஒண்ணைத் தொங்க விட்டிருக்காங்க, காஞ்சு வெறைச்சுப் போச்சு. பாசிமணி செவப்பு, இன்னும் மினுக்குது. யாரு கழுத்துல கெடந்ததோ. தாழிக்குள்ள எலும்போட கெடந்துச்சுன்னு போட்டிருக்குது. அப்ப அவங்களுக்கு நகையோடயே வெச்சுப் பொதைச்சிருக்காங்க, கழட்டல. ஆஸ்பத்திரியில கழட்டச் சொல்லுவாங்க. அது எனக்குத் தெரியும். எங்கம்மாவைக் கர்ப்பப்பை எடுக்கறதுக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு நர்ஸு வந்து தோடு, மூக்குத்தி, வளையல், கடைசியாத் தாலிக்கொடி எல்லாத்தையும் கழட்டச் சொன்னா. அம்மா கழுத்துல ஒரு மஞ்சக் கயித்தை மட்டும் கட்டிக்கிட்டு, கழட்டுனதையெல்லாம் எங்கப்பாவோட கர்ச்சீப்புல போட்டு முடிச்சுப் போட்டு எங்கையில குடுத்தாங்க. அப்பா பில்லுக் கட்டற எடத்துல நின்னாரு. கீழ வெச்சிறாத கண்ணு, வந்து வாங்கிக்கறேன்னாங்க. நடந்துதான் உள்ள போனாங்க, அந்தப் பச்சைத் துணியப் போட்டுக்கிட்டு, பின்பக்கம் நாடா அவுந்திருந்துச்சு, நான் ஓடிப்போயிக் கட்டி விட்டேன். அதுக்கப்புறம் எவ்வளவு நேரம்னு தெரியாது. முடிச்சை ரெண்டு கையிலயும் அமுக்கிப் புடிச்சுட்டே இருந்தேன், தாலிக் காசு உள்ளங்கையில குத்திக் குழி உழுந்து போச்சு. வரல. மயக்க மருந்து ஒத்துக்கலைன்னு சொன்னாங்க. அந்த முடிச்சை அவுக்கறதுக்கு யாருனாலயும் முடியல, அப்படி எறுகிப் போயிருந்துச்சு, அப்பா கத்தி வெச்சு அறுத்தாரு. இந்த ரூம்புல காத்தே வரல. ஃபேன் சுத்துது, காத்து வரல. இப்ப அதெல்லாம் நெம்பச் சுலபம் ஆன்ட்டி, சின்னத் தொளை போட்டு எடுத்துருவாங்கன்னு அந்தச் சின்ன டாக்டரம்மா சொல்லிச்சு. சுலபந்தான். எங்கம்மாவுதும் சுலபம்னுதான் சொன்னாங்க.

இதை ஊட்டுல யாருகிட்டச் சொல்றது. குடுக்க மாட்டேன்னு சொன்னா நான் புருசனைச் சாகக் குடுத்தவ. பயமா இருக்குதுன்னு சொன்னா அதுவும் அதேதான், கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்றது. அதனாலதான் நங்கையா பூ வெச்சுக் கேட்டுட்டு வந்திருன்னு சொன்னப்ப நான் உடனே சரின்னேன். அவங்க நெனச்சாங்க எனக்கு பக்தி. என்னோட நெனப்பு வேற. சாமக்காட்டுப்புதூர் ஏரிக்கரையில தாலியம்மா இருந்தா, கல்லுல செஞ்ச அம்மா, எண்ணெயும் மஞ்சளும் அப்பி அப்பிக் கருப்பு மொழுமொழுன்னு, செவப்புச் சீலை கட்டி, வெள்ளிக் கண்ணு ரெண்டு ஒட்டி. ஒரு கையத் தலைக்கு மேல தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவா, இன்னொரு கையில தன்னோட தாலியக் கழுத்தோட சேத்துப் புடிச்சிருப்பா. எம்புருசனைக் கொண்டுபோக உடமாட்டேன்னு எமன்கிட்ட நிக்கறான்னு சொல்லுவாங்க. கல்யாணமான மறுநாளு என்னைக் கூட்டிட்டுப் போயி நிறுத்தி, நீயும் அப்படியே தாலியப் புடிச்சுட்டுக் கும்புடுன்னாங்க நங்கையா. அந்த ஊருப் பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தான் கும்புடுவோம், ஒரு கை மேல, ஒரு கை கழுத்துல. எதையாச்சும் கேக்கணும்னா செவ்வரளிப் பூ ரெண்டை அவ தோள்மேல ஒட்டி வெப்போம். எண்ணெய்ப் பிசுக்குல ஒட்டிக்கும். வலது பூ முதல்ல உழுந்தா சரிங்கறா, இடது உழுந்தா வேண்டாங்கறா. அவ வேண்டாம்னா வேண்டாந்தான், அப்புறம் நங்கையாளே ஆனாலும் ஒரு பேச்சுப் பேச முடியாது. பெரிய ரோட்டுக்காகக் கரைய வெட்டும்போது அரசாங்கத்துல வந்து கல்லைக் கொண்டுபோயிட்டாங்க. ஊருல புதுசா ஒரு சிலை செஞ்சு வெச்சிருக்காங்க, அழகா இருக்குது, ஆனா அது இன்னும் பேச ஆரம்பிக்கலைன்னு நங்கையாளுக்கு நெனப்பு. அதனால பழையவளைத் தேடி இங்க. இடது. நான் இடதுதான் கேக்க வந்திருக்கறேன். என் வாயால சொல்ல முடியாததை அவ சொல்லிப்போடட்டும். வாசல்ல அந்த மனுசன் தண்ணி பாட்டலோட உக்காந்திருக்க, உள்ள நான் இதை நெனச்சுட்டு இருக்கறேன். என்ன சென்மம் நானு. ஆனா நெனப்பு நிக்க மாட்டேங்குது.

பின்னால தகர ஷெட்டுல கல்லையெல்லாம் வரிசையா சிமெண்டுத் திட்டு மேல நட்டு வெச்சிருக்காங்க. வெயில் தகரத்துல எறங்குது. புலியக் குத்தற ஒருத்தன், மாட்டுக் கூட்டத்துக்கு முன்னால வில்லோட ஒருத்தன், மூக்கும் முழியும் தேஞ்சு போன ஒருத்தன். அவளைக் காணோம். நான் சீலையத் தேடிட்டுப் போறேன், வெள்ளிக் கண்ணைத் தேடிட்டுப் போறேன். கடைசிக்கு முந்தின கல்லுல வளையல் போட்ட ஒரு கை, முழங்கை மடங்கி மேல தூக்கி. இதா, இவதான், எண்ணெயெல்லாம் போயி அடையாளமே தெரியாம ஆக்கிப் போட்டாங்களேன்னு எனக்கு அழுகை வந்துருச்சு. தாலியப் புடிச்சுட்டுக் கண்ணை மூடிட்டேன். அம்மா, உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லைன்னு மனசுக்குள்ள ஆரம்பிச்சா, பின்னால இருந்து ஒரு வயசுப் புள்ளையோட கொரலு, யக்கா, நீங்க எந்த ஊருன்னு. கழுத்துல அடையாள அட்டை, ஜெசிந்தான்னு பேரு, இந்த மியூசியத்துக்கு அதிகாரி அதுதானாம், தெக்கத்திப் பேச்சு. சாமக்காட்டுப்புதூருன்னு சொன்னேன், எங்க தாலியம்மான்னு காட்டுனேன். அந்தப் புள்ளை, யக்கா இது வேற ஊருக் கல்லு, புருசன் செத்ததும் தீயில எறங்குன பொண்ணுக்கு வெச்சதுன்னுச்சு. நான் தாலியில இருந்து கைய எடுத்துட்டேன். தீயில எறங்குனவகிட்டப் போயி நான் என்ன கேக்கப் பாத்தேன். அவ என்ன சொல்லியிருப்பா எனக்கு. முதுகுல வேர்வை ஓடுது. உங்க ஊருக் கல்லு அந்தக் கடைசியில இருக்குன்னு அந்தப் புள்ளை கையக் காட்டுச்சு.

கடைசிக் கல்லை நான் வரும்போதே பாத்துட்டுத்தான் வந்தேன். பாத்துட்டு ஆம்பளைன்னு கண்ணைத் திருப்பிட்டேன். மீசை இருக்குது. இடுப்புல கச்சை இருக்குது. மாரு தட்டையா இருக்குது. தூக்குன கை ஆசீர்வாதம் பண்ணல, தன் குடுமியத் தானே கொத்தாப் புடிச்சுத் தலைய மேல இழுத்துப் புடிச்சிருக்குது. கழுத்துல சேத்து வெச்ச கையில தாலி இல்லை. கத்தி. பட்டையான கத்தி, முனை ஒரு பக்கம் நீட்டிட்டு, அலகு கழுத்துக்குழியில அழுந்தி. மருந்துத் தண்ணி வெச்சு எண்ணெயப் பாளம் பாளமாக் கழட்டுனாங்களாம், கழட்டக் கழட்ட இவன் வந்தானாம். தன் தலையத் தானே அறுத்துக் குடுத்தவனாம். அந்தக் காலத்துல தலைவனுக்குச் சீக்கு வந்து பொழைக்கணும்னாலோ, சண்டையில ஊரு செயிக்கணும்னாலோ இப்படிச் சாமிக்குக் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டு அறுத்துக்குவாங்களாம், அந்தக் குடும்பத்துக்கு ஊருல நெலம் உடுவாங்களாம். அந்தப் புள்ளை சொல்லிட்டே போகுது, எங்காதுல பாதிதான் உழுகுது. தலைவனுக்குச் சீக்கு வந்து. ஒருத்தரு பொழைக்கறதுக்கு இன்னொருத்தரு அறுத்துக் குடுக்கறது. அத்தனை வருசம் நாங்க அதுக்குச் சீலை கட்டி விட்டிருக்கோம். கத்தியத் தாலின்னு கும்பிட்டிருக்கோம். ஊரே கும்பிட்டிருக்கோம், கல்யாணம் பண்ணி வந்த ஒவ்வொருத்தியும் வந்து நின்னு அவனாட்டமே ஒரு கையத் தலைக்கு மேல தூக்கி இன்னொரு கையக் கழுத்துல வெச்சு. நங்கையா எங்கையப் புடிச்சு எங்கழுத்துல வெச்சது இன்னும் நெனப்பிருக்குது, இன்னும் கொஞ்சம் மேல, அங்கதான்னு. சிரிப்பு வருது, வெளியில வர மாட்டேங்குது, வயித்துக்குள்ளயே சுத்துது, இடது பக்கமா.

பக்கத்துல பலகையில எழுதியிருக்குது. சாமக்காட்டுப்புதூர் ஏரிக்கரையில் கிடைத்ததுன்னு. கெடைச்சுதாம். நாங்க தூக்கிப்போட்டுட்டுப் போன மாதிரி. அதுக்குக் கீழ, தானே முன்வந்து தன்னைப் பலி கொடுத்த வீரன். தானே முன்வந்து. நானும் நாளைக்கு அதைத்தான் சொல்லப் போறேன், சொந்த விருப்பம், அதே பாடம். இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பா. இவனைச் சுத்தியும் ஒரு ஊரு நின்னிருக்கும், மகராசன்னு நெத்தியில குங்குமம் வெச்சிருக்கும், வாயில சக்கரையப் போட்டிருக்கும், எல்லாரு கண்ணும் சுத்திச் சுத்தி வந்து இவன்மேல நின்னிருக்கும். பொண்டாட்டி இருந்திருப்பா. அவகிட்டச் சொல்லிட்டுப் போனானா. மொகத்தைப் பாக்கறேன், மொகத்துல ஒண்ணுமே இல்லை, வலி இல்லை, பயம் இல்லை, தண்ணிக்கு நிக்கறவனாட்டம் நிக்கறான். பயம் இல்லாம இருக்குமா. செதுக்குனவன் அதை உட்டுட்டான். பயத்தோட செதுக்குனா ஊருக்கு என்னவோ போல இருக்கும்னு உட்டுருப்பான். அந்தப் புள்ளைகிட்டக் கேட்டேன், இவனே குடுத்தானா, குடுக்க வெச்சாங்களான்னு. அது அவனே குடுத்ததுதான் யக்கான்னு பொட்டுன்னு சொல்லிச்சு. அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, எழுத்து எதுவும் இந்தக் கல்லுல இல்ல, பொதுவா அப்படித்தான் சொல்றதுன்னுச்சு. நல்ல புள்ளை, பொய் சொல்லத் தெரியல. பொதுவா அப்படித்தான் சொல்றது. அதுக்குப் போன் வந்துச்சு, பேசிட்டே வெயில்ல எறங்கிப் போச்சு.

நான் பையிலருந்து எலையில சுத்துன பூவை எடுத்தேன். ஏன் எடுத்தேன்னு தெரியல. அம்மா இல்லைன்னு கண்ணு பாத்துருச்சு, கை அதுபாட்டுக்குப் பழக்கத்துல போகுது. கல்லுக்கு முன்னால கட்டியிருக்கற கயித்தைத் தாண்டிக் கைய நீட்டி வலது தோள்ல ஒண்ணு, இடது தோள்ல ஒண்ணு. தொட்டேன். கல்லு சொரசொரன்னு சுடுது, இத்தனை வருசத்துல நான் ஒருநாளும் இந்தக் கல்லைத் தொட்டதே இல்லை, எண்ணெயத்தான் தொட்டிருக்கறேன். கைய எடுத்ததும் பூ ரெண்டும் ஒட்டுக்கா உழுந்துருச்சு. மறுபடி வெச்சேன். மறுபடி ரெண்டும். எண்ணெய் இருந்தாத்தானே ஒட்டும், காஞ்ச கல்லுல எது நிக்கும். அத்தனை வருசமும் வலது இடதுன்னு சொன்னதெல்லாம் எண்ணெய்தானா. எத்தனை கல்யாணத்தை நிறுத்துச்சு, எத்தனை பேத்தைப் பொறந்த ஊட்டுக்குத் திருப்பி அனுப்புச்சு அந்தப் பிசுக்கு. உழுந்த பூவைப் பொறுக்கி உள்ளங்கையில வெச்சுட்டு நிக்கறேன், அம்மாவோட முடிச்சை வெச்சுட்டு நின்ன அதே கை. இடதுன்னு சொல்றதுக்கு ஒருத்தியும் இல்லை. சொல்றதா இருந்தா நான்தான் சொல்லணும்.

செருப்புச் சத்தம். அவருதான், ஒவ்வொரு கல்லா கையூணிக் கையூணி வர்றாரு, தொடாதீங்கன்னு எழுதுனதெல்லாம் அவருக்குக் கண்ணுல படல. எங்கிட்ட வந்து நின்னு மூச்சு வாங்குனாரு. கல்லைப் பாத்தாரு. மொகம் மாறுச்சு, பலகைய எழுத்துக் கூட்டி ஒதட்டை அசைச்சுப் படிச்சாரு, படிச்சுட்டு மறுபடி முதல்லருந்து படிச்சாரு. அவரு கை தன்னாலயே கழுத்துக்குப் போச்சு, போயி அங்கயே நின்னுச்சு. இவரும் சின்ன வயசுல அங்க வந்து கும்பிட்டு வளந்தவருதானே. கால் வீங்கிச் செருப்பு வாரு அழுந்தியிருக்குது, காலையில நானே பாத்துத்தான் தளத்தி விட்டேன், மறுபடி வீங்கிருச்சு. இந்தக் காலை அமுக்கி விட்டுட்டே இவரைத் திட்டுவேன் மனசுக்குள்ள. திட்டிட்டே அமுக்குவேன். இடதுன்னு கேக்க வந்தவளுக்கு இந்தக் காலைப் பாத்தா வாரைத் தளத்தி உடறதுக்குக் கை போகுது, அது ஒரு பக்கம். எங்கம்மாவோட நாடா அவுந்த முதுகு இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே நேரத்துல நிக்குது, ஒண்ணு ஒண்ணைத் தள்ள மாட்டேங்குது. அப்பத்தான் என் வாயிலருந்து வந்துச்சு.

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவரு கல்லைப் பாத்துட்டே சொன்னாரு. "தெரியும்."

தெரியுமாமா. தெரிஞ்சுக்கிட்டுத்தான் மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்திருந்தீங்களான்னு எனக்குக் கொதிச்சுட்டு வருது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைன்னேன். அவரு பாட்டல் மூடியத் திருகறாரு, தொறக்கறதும் இல்லை, உடறதும் இல்லை.

"உங்கம்மா கதையத் தெரிஞ்சுக்கிட்டு எந்த வாயில கேக்கறது. கேட்டா நீ குடுத்துருவே. அதான் கேக்கல."

"கேக்காமயே எடுத்துக்கலாம்னு இருந்தீங்களா."

சொன்னதுக்கப்புறம் எனக்கே திக்குன்னு ஆயிருச்சு. இத்தனை வருசத்துல நான் இந்த மாதிரி அவரைப் பேசுனதில்லை. அவரு ஒதடு காஞ்சு தோலு வெடிச்சிருந்துச்சு. குனிஞ்சு, தண்ணி பாட்டலை அந்தச் சிமெண்டுத் திட்டு மேல, அவன் காலுகிட்ட வெச்சாரு. வெச்சுட்டு நிமுந்து ரெண்டு கையும் சும்மா தொங்க நின்னாரு, கைய என்ன பண்றதுன்னு தெரியாத மாதிரி. அப்புறம் என் மொகத்தைப் பாத்தாரு. சீக்கு வந்ததுலருந்து நேராப் பாத்தது அப்பத்தான்.

"எனக்கு ஒண்ணு குடுக்கறயா சுலோச்சனா. மாட்டேன்னாலும் ஒண்ணுமில்ல. இப்படியே பஸ்ஸேறி ஊட்டுக்குப் போலாம். வாரத்துக்கு மூணு நாளு போயிட்டு வந்துட்டு இருப்போம், முடியற வரைக்கும். அக்காகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."

மாட்டேங்கறது எந்தொண்டையில இருந்துச்சு, நெசமாவே இருந்துச்சு, சொன்னா சொன்னதுதான், இந்த ஆளு சொல்லிக்கறேன்னா சொல்லிக்குவாரு, அது எனக்குத் தெரியும். அந்த வார்த்தை அங்க இருக்குது, எடுத்தா எடுக்கலாம்னு தெரிஞ்சதும் மூச்சு கொஞ்சம் கீழ எறங்குச்சு. பயம் அப்படியேதான் இருக்குது, அது எங்கயும் போகல. குத்தற மாதிரி இருந்த என்னமோ ஒண்ணு மட்டும் இல்லை. ஜெசிந்தா வந்து, ஐயா தண்ணி பாட்டலைக் கல்லு மேல வெக்கக் கூடாதுன்னு எடுத்துக் குடுத்துச்சு. கீழ கெடந்த பூவெதழைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போச்சு. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அவரு எந்தோளைப் புடிச்சுட்டு வந்தாரு, வழியில சித்த நில்லுங்கன்னு நிறுத்தி நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தோளைப் புடிச்ச கை கனமாச்சு.

பஸ் ஸ்டாப்புல வேப்பமரத்து நெழல்ல அவரை உக்கார வெச்சுட்டு இருக்கும்போதே நங்கையா போன் பண்ணிட்டாங்க. அம்மா என்ன சொன்னா, வலதா இடதான்னு எடுத்த எடுப்புல கேட்டாங்க. பூ ரெண்டும் ஒட்டுக்கா உழுந்துருச்சுங்க, கல்லுல எண்ணெய் இல்லை, ஒட்டலைன்னேன். அங்க அம்மாவும் இல்லைங்க, அதை ஊட்டுக்கு வந்து சொல்றேன்னேன். அவங்க கை இப்ப கழுத்துக்குப் போயிருக்கும், பாக்காமயே சொல்லுவேன். அப்ப நாளைக்குக் கமிட்டியில நீ என்ன சொல்லுவேன்னு கேட்டாங்க, பாவம், அதுவும் பயந்த கொரலுதான்.

"உங்க தம்பி என்கிட்டக் கேட்டாருங்க நங்கையா. குடுக்கறேன்னு சொல்லியிருக்கறேன். அதையே சொல்லுவேன்."

அவங்க அழ ஆரம்பிச்சாங்க. மகராசின்னு வாய் எடுத்தாங்க, நான் இருங்கன்னேன். பஸ்ஸு தூரத்துல வளைவுல திரும்பறது தெரிஞ்சுச்சு, அவரு எந்திரிக்கறதுக்கு எங்கைய எட்டிப் புடிச்சாரு.

"உள்ள கூட்டிட்டுப் போகும்போது தாலியக் கழட்டச் சொல்லுவாங்க. நீங்க வந்து வாங்கிக்கங்க. கர்ச்சீப்புல கிர்ச்சீப்புல முடிச்சுப் போட்டு வெச்சிராதீங்க நங்கையா. கையிலயே வெச்சிருங்க. நான் வந்து வாங்கிக்கறேன்."